டேக்கை மேம்படுத்தும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

தம்புராவின் கடைசித் தந்தியை மீட்டியதும் மந்தர சட்ஜம் எழும். அது அடங்குவதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிடும். நல்ல பதிவாக இருந்தால் அந்த ஒற்றை ஸ்வரத்துக்குள்ளேயே மெல்லிய இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னி மறைவது கேட்கும். எந்த டேக் (DAC, பாட்டின் டிஜிட்டல் எண்களை ஆம்ப்ளிஃபையருக்கான மின்னழுத்தமாக்கும் பெட்டி) வீட்டுக்கு வந்தாலும் நான் முதலில் போட்டுக் கேட்பது இதைத்தான். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு புது டேக் வாங்கி, பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். பக்கத்து அறையில் இருந்த தம்புரா எழுந்து வந்து என் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு வாரம் ஆசை தீரக் கேட்டேன். அப்புறம் ஏதோ உறுத்த, மல்டிமீட்டரை எடுத்து இரண்டின் வெளியீட்டையும் அளந்து பார்த்தேன். பழையது 2.0 வோல்ட், புதியது 2.4 வோல்ட். அதாவது புதியது ஒன்றரை டெசிபல் கூடுதல் சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. இரண்டையும் சமமாக்கிக் கேட்டபோது வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது.

நம் காது அப்படித்தான் வேலை செய்கிறது. கொஞ்சம் கூடுதல் சத்தம் நமக்குச் சத்தமாகத் தெரியாது. தெளிவாகவும் ஆழமாகவும் உயிரோட்டமாகவும்தான் தெரியும். உயர்ரக டேக் வைத்திருப்பவர் அடுத்த படிக்குப் போக நினைத்தால் இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் லட்சக்கணக்கில் செலவழித்த பிறகும் எது மாறியது, எது மாறவில்லை என்றே தெரியாது. அதனால் இந்தக் கட்டுரையில் வரிசை இப்படி: காசு செலவில்லாத வேலைகள் முதலில். பிடிக்கவில்லை என்றால் பழையபடி மாற்றிவிடக் கூடியவை அடுத்து. மூடியைத் திறப்பது கடைசிக்குக் கடைசி.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

டிஜிட்டல் எண்களை அனலாக் மின்னழுத்தமாக மாற்றித் தருவதுதான் டேக். சிடியில் ஒரு நொடி இசை என்பது ஒரு சேனலுக்கு 44,100 எண்கள். ஒவ்வொரு எண்ணும் 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. உங்கள் போனிலும் டிவியிலும்கூட ஒரு டேக் இருக்கத்தான் செய்கிறது. தனிப் பெட்டியாக வரும் டேக்கில் அந்த ஒரு வேலைக்கு மட்டும் இடமும் பணமும் ஒதுக்கியிருப்பார்கள்.

உள்ளே ஐந்து பகுதிகள் உண்டு. யுஎஸ்பி, கோஆக்சியல், ஆப்டிகல் வழியாக வருவதை வாங்கும் ரிசீவர் ஒன்று. எந்தக் கணத்தில் எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று தாளம் போடும் கிளாக் இன்னொன்று. அப்புறம் எண்ணை மின்சாரமாக்கும் சிப் அல்லது ரெசிஸ்டர் ஏணி, அதை ஆம்ப்புக்கு (ஆம்ப்ளிஃபையருக்கு) தகுந்தபடி வெளியே அனுப்பும் அனலாக் பகுதி, இவை எல்லாவற்றுக்கும் சோறு போடும் பவர் சப்ளை.

எல்லோரும் பேசுவது சிப்பைப் பற்றி மட்டும்தான். அதற்குத் தகுதிக்கு மீறிய மரியாதை கிடைக்கிறது என்பது என் எண்ணம். 1982-ல் சிடி வந்தபோது பிலிப்ஸின் முதல் பிளேயர்களில் இருந்தது 14 பிட் சிப். சிடியோ 16 பிட். நான்கு மடங்கு ஓவர்சாம்ப்ளிங் என்ற உத்தியைச் சேர்த்து, அந்த 14 பிட்டிலிருந்தே 16 பிட்டுக்கு இணையான தரத்தை எடுத்தார்கள். சிப்பைச் சுற்றியுள்ள வடிவமைப்புதான் ஒலியைத் தீர்மானிக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இன்று கடையில் மூன்று வழிகளில் டேக் கிடைக்கும். முதல் வழி, இஎஸ்எஸ், ஏகேஎம் போன்ற நிறுவனங்களின் டெல்டா-சிக்மா சிப், அதாவது சில பிட்டுகளை மட்டும் வைத்து மிக வேகமாக மாற்றும் சிப். பெரும்பாலான டேக்குகள் இந்த வகைதான். இரண்டாவது, எம்எஸ்பி, ஹோலோ ஆடியோ, டெனாஃப்ரிப்ஸ் செய்வது போல ரெசிஸ்டர்களை ஏணியாக அடுக்குவது. இதில் ரெசிஸ்டர்களின் துல்லியம்தான் உயிர்நாடி. 16 பிட் ஏணியில் மேல்படி ரெசிஸ்டர் ஒரு சதவீதத்தில் ஆயிரத்தில் சில பங்கு பிசகினாலே கடைசிப் படியின் அளவுக்குப் பிழை வந்துவிடும். அதனால்தான் விலை ஏறுகிறது. மூன்றாவது வழி, கடையில் விற்கும் டேக் சிப்பை விட்டுவிட்டு, எஃப்பிஜிஏ என்ற நிரலேற்றக்கூடிய சிப்பில் சொந்தக் கணக்கை எழுதுவது. சார்ட் நிறுவனத்துக்காக ராப் வாட்ஸ் செய்வதும், பிஎஸ் ஆடியோவின் டைரக்ட்ஸ்ட்ரீமும் இந்த வகை. மூன்று வழியிலும் அருமையான டேக்குகள் உண்டு, சுமாரானவையும் உண்டு. வழியை வைத்து மட்டும் தரத்தைச் சொல்ல முடியாது.

முதல் வேலை: சமமாக அளந்து கேட்பது

இதை ஒருமுறை கற்றுக்கொண்டால் பின்னால் வரும் ஒவ்வொரு படியிலும் கைகொடுக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏசி வோல்ட்டை இரண்டு தசம இடம் வரை காட்டும் மல்டிமீட்டர் வேண்டும். மிக மலிவான சின்ன மஞ்சள் மீட்டர்களில் ஏசிக்கு 200, 750 என்று இரண்டு ரேஞ்ச் மட்டுமே இருக்கும்; அது இந்த வேலைக்கு ஆகாது. 2 வோல்ட் அல்லது 20 வோல்ட் ஏசி ரேஞ்ச் உள்ளதையோ, தானாக ரேஞ்ச் மாறுவதையோ வாங்குங்கள். அடுத்து 100 ஹெர்ட்ஸ் சைன் அலை உள்ள ஒரு சோதனைக் கோப்பு. 1,000 ஹெர்ட்ஸ் போடாதீர்கள். சாதாரண மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளைத்தான் ஒழுங்காக அளக்கும்.

ஆம்ப்பை அணைத்து, டேக்கிலிருந்து வரும் கேபிளை ஆம்ப் பக்கம் கழற்றுங்கள். சோதனைக் கோப்பை ஓடவிட்டு, ஆர்சிஏ பிளக்கின் நடு முள்ளில் ஒரு முனை, வெளி வளையத்தில் இன்னொரு முனை வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள உருண்டைப் பிளக்) என்றால் 2-ஆம், 3-ஆம் பின்களுக்கு இடையில். பிறகு ஒப்பிட வேண்டிய இன்னொரு டேக்கையோ, மாற்றம் செய்த பிறகு அதே டேக்கையோ அளந்து, சத்தம் கூடுதலாக உள்ளதன் வால்யூமைக் குறைத்து இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். 2.00 வோல்ட்டும் 2.02 வோல்ட்டும் என்றால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் வந்துவிட்டது. அது போதும்.

இப்போது கண்ணை விலக்க வேண்டும். வீட்டில் ஒருவரை உதவிக்குக் கூப்பிட்டு, நாணயத்தைச் சுண்டிப் பார்த்து அ அல்லது ஆ என்று மாற்றச் சொல்லுங்கள். எதில் பாடுகிறது என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. அவர் முகமும் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. பத்து முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் எது என்று எழுதுங்கள். வெறும் ஊகத்தில் பத்துக்கு ஒன்பதோ பத்தோ சரியாக வர நூற்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு. அந்த அளவுக்குச் சரியாகச் சொல்லிவிட்டால் உங்கள் காது உண்மையிலேயே எதையோ கேட்கிறது. ஐந்தோ ஆறோ வந்தால் அந்த மாற்றத்துக்குப் பணம் கொடுக்க அவசரப்பட வேண்டாம். வீட்டில் உள்ளவர்கள் முதல்முறை சலித்துக்கொள்வார்கள். இரண்டாம் முறை அவர்களுக்கே ஆர்வம் வந்துவிடும்.

டேக்தான் குறையா?

நல்ல டேக் ஒன்றின் திரிபும் (டிஸ்டார்ஷன்) இரைச்சலும் சேர்ந்து இசையைவிட 110 டெசிபல் கீழே இருக்கும். சதவீதக் கணக்கில் 0.0003. ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டால், பாஸ் ஒலியில் ஒரு சதவீதத் திரிபு என்பது சர்வ சாதாரணம். அறையோ இன்னும் பெரிய பிரச்சினை: சில ஸ்வரங்களை 10 டெசிபல் தூக்கும், சிலவற்றை முழுங்கிவிடும். ஸ்பீக்கர் மூலையில் ஒட்டிக்கொண்டு, எதிரே வெறும் சுவரும் மொசைக் தரையுமாக இருக்கும் அறையில் எந்த டேக்கை மாற்றினாலும் மிருதங்கத்தின் தொப்பி குழம்பித்தான் கேட்கும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்து, தரையில் தடிமனான ஜமக்காளம் விரித்து, ஒரு மாதம் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஏதோ குறைகிறது என்று தோன்றினால் டேக் பக்கம் வரலாம்.

எண்கள் பழுதில்லாமல் போய்ச் சேருகின்றனவா?

உயர்ரக டேக் வாங்கியவர்களின் வீடுகளில் நான் அதிகம் பார்த்த குறை இதுதான். சரிசெய்யப் பைசா செலவில்லை. டேக்கின் முன்பக்கத் திரையைப் பாருங்கள். சிடி தரப் பாடல் ஓடும்போது 44.1 என்றும், 96 கிலோஹெர்ட்ஸ் பாடல் ஓடும்போது 96 என்றும் மாற வேண்டும். எதைப் போட்டாலும் 48 என்றே நின்றால், வழியில் கணினியோ போனோ எண்களைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கொடுக்கிறது என்று அர்த்தம்.

விண்டோஸில், பாட்டுப் போடும் மென்பொருளின் அமைப்பில் எண்களை மாற்றாமல் நேரே டேக்குக்கு அனுப்பும் ஏஎஸ்ஐஓ டிரைவரையோ வாசாபி எக்ஸ்க்ளூசிவ் முறையையோ தேர்ந்தெடுங்கள். மேக்கில் ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியில் டேக்கின் வேகத்தை (44.1, 96 என்ற அந்த எண்ணை) பார்க்கலாம், மாற்றலாம். பாட்டுக்குப் பாட்டு அதைத் தானாக மாற்ற வேண்டுமென்றால் அதற்கென்று உள்ள பிளேயர் மென்பொருள் வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களில் நெடுங்காலம் இது பெரிய தலைவலி. ஆண்ட்ராய்டு 14-லிருந்து யுஎஸ்பி டேக்குக்கு எண்களை மாற்றாமல் அனுப்ப வழி வந்திருக்கிறது, ஆனால் செயலியும் அதைப் பயன்படுத்த வேண்டும். கணினியை அறைக்குள்ளேயே வைக்க விரும்பாதவர்கள் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்றில் வோலூமியோ அல்லது மூட் என்ற பாட்டு மென்பொருளை ஏற்றி, அதையே பாட்டுப் பெட்டியாக வைத்துக்கொள்ளலாம். நான் பல வருடங்களாக அப்படித்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. மிகச் சத்தமாக மாஸ்டர் செய்த பாடல்களில் இரண்டு எண்களுக்கு நடுவே உருவாகும் அலை, எண்களின் உச்ச வரம்பையே தாண்டிவிடும். பல டேக்குகள் அந்த இடத்தில் திணறும். பிளேயரில் வால்யூமை 3 அல்லது 4 டெசிபல் குறைத்து வைத்தால் போதும், அந்தக் கரகரப்பு போய்விடும். டிஜிட்டலில் 6 டெசிபல் குறைத்தால் ஒரு பிட் போகும் என்பது உண்மைதான். ஆனால் 24 பிட் டேக்கில் 16 பிட் பாட்டுக்கு எட்டு பிட் மிச்சம் கையில் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

தயாரித்தவரே தரும் மேம்பாடு

அடுத்து டேக் நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய்ப் புது ஃபர்ம்வேர் (டேக்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) வந்திருக்கிறதா என்று பாருங்கள். எஃப்பிஜிஏ வகை டேக்குகளில் இது வெறும் பிழைத்திருத்தமாக நிற்காது, ஒலியையே மாற்றும். பிஎஸ் ஆடியோ 2014-ல் வெளியிட்ட டைரக்ட்ஸ்ட்ரீமுக்கு வருடக்கணக்கில் இலவசமாகப் புதுப் பதிப்புகள் வந்தன. நிறுவனம் இருக்கும் கொலராடோ மாநிலத்து மலைச்சிகரங்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்தார்கள். ஒவ்வொரு சிகரத்தையும் ஏற்றிக் கேட்டு, பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்பினார்கள் வாங்கியவர்கள். மென்பொருள் மாற்றத்தில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான்: திரும்பி வரும் வழி திறந்தே இருக்கிறது.

ஏற்றும்போது கவனம் தேவை. பாதியில் கரண்ட் போனால் டேக் செயலிழந்துவிடலாம். லேப்டாப்பில் சார்ஜ் நிறைய இருக்கட்டும், டேக்கை யுபிஎஸ்ஸில் போடுங்கள், மழை இடி நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். இப்போது இருக்கும் பதிப்பின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் கோப்பையும் முடிந்தால் சேமித்து வையுங்கள்.

ஹார்டுவேரிலும் இதே வழி உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பக்கம் உள்ள டிசிஎஸ் நிறுவனம், ரோசினி, விவால்டி வரிசை வைத்திருந்தவர்களுக்கு 2022-ல் ஏபெக்ஸ் என்ற புது ரிங் டேக் போர்டை (எண்ணை மின்சாரமாக்கும் அவர்களுடைய சொந்தச் சர்க்யூட்) தந்தது. பெட்டி பழையது, உள்ளே இதயம் புதியது. கலிபோர்னியாவின் எம்எஸ்பி டேக்குகளில் உள்ளீட்டு மாட்யூலைக் கழற்றி வேறு மாட்டலாம். ஷீட் நிறுவனத்தின் யிக்ட்ராசிலிலும் போர்டுகளை மாற்றிக்கொள்ளலாம். விலை குறைவில்லைதான். ஆனால் வடிவமைத்தவர்களே அளந்து பார்த்துத் தருவது என்பதால், வேறு யாரோ செய்யும் மாற்றத்தைவிட இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். வாரண்ட்டியும் தப்பிக்கும்.

மெனுவில் உள்ள டிஜிட்டல் ஃபில்டர்களையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வித்தியாசம் மிகச் சிறியது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்துவிடலாம்.

கரண்டும் எர்த்தும்

பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று ஒரு ரீங்காரம் கேட்கிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது 50-லோ 100-லோ இருக்கும். பெரும்பாலும் காரணம் எர்த் சுற்று: கணினி ஒரு ஸ்விட்ச் போர்டில், ஆம்ப் இன்னொன்றில், நடுவில் டேக். இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள சிறு வித்தியாசம் கேபிள் வழியாகப் பாய்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் குற்றவாளி அதுதான். நிற்காவிட்டால் டிவி கேபிளையும் பிராட்பேண்ட் ஒயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். தீர்வு மூன்று வகை. எல்லாவற்றையும் ஒரே போர்டிலிருந்து எடுப்பது முதல் வழி. ஆப்டிகல் கேபிளுக்கு மாறுவது இரண்டாவது. அதில் ஒளி மட்டுமே போகும், மின்சாரத் தொடர்பு அறுந்துவிடும். பல கருவிகளில் ஆப்டிகல் 96 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். மூன்றாவது வழி யுஎஸ்பி ஐசொலேட்டர், அதாவது தரவை மட்டும் விட்டு மின்தொடர்பைத் துண்டிக்கும் சின்னப் பெட்டி.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டால் ரீங்காரம் நின்றுவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நிற்கத்தான் நிற்கும். ஆனால் உள்ளே ஒரு ஒயர் இன்சுலேஷன் விட்டு உலோகப் பெட்டியில் பட்டால், அதைத் தொடுபவர் உயிருக்கு ஆபத்து. வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பதும் டேக்குக்குச் செய்யும் மேம்பாடுதான்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் இன்வர்ட்டர். பழைய சதுர அலை இன்வர்ட்டரில் கரண்ட் மாறியதும் டேக்கின் ட்ரான்ஸ்பார்மர் உர்ர் என்று அதிர ஆரம்பிக்கும். ப்யூர் சைன் வேவ் இன்வர்ட்டர் என்றால் கவலையில்லை. ஜப்பான் சந்தைக்கான டேக்கை யாரோ ஒருவர் மூலம் வாங்கினீர்களா? அது 100 வோல்ட். பின்பக்க லேபிளைப் படிக்காமல் நம் 230 வோல்ட்டில் சொருகினால் அன்றோடு முடிந்தது.

டேக்குக்கு வெளியே தனி அடாப்டர் இருந்தால், அதற்குப் பதில் லீனியர் பவர் சப்ளை (ட்ரான்ஸ்பார்மர் வைத்த, இரைச்சல் குறைந்த சப்ளை) வைப்பது பலரும் செய்யும் முதல் மேம்பாடு. மோசமான அடாப்டராக இருந்தால் பயன் தெரியும். வாங்கும் முன் பழைய அடாப்டரின் லேபிளை உருப்பெருக்கி வைத்தாவது படியுங்கள். வோல்ட் அதே அளவில் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம். வெளியீடு டிசியா ஏசியா என்றும் பாருங்கள், ஏசி அடாப்டர் கேட்கும் டேக்குகளும் உண்டு. நடு முள் பாசிட்டிவா நெகட்டிவா என்று ஒரு சின்ன வட்டப் படம் போட்டிருக்கும். பிளக்கின் வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் என்பது பொதுவாக வருவது, ஆனால் உள் துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை. 2.1 துளை பிளக் 2.5 முள்ளில் ஏறாது, 2.5 துளை பிளக் 2.1 முள்ளில் ஏறிவிடும், ஆனால் தளர்வாக நின்று விட்டு விட்டு வேலை செய்யும்.

கேபிளும் கிளாக்கும்

கேபிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோஆக்சியலுக்கு 75 ஓம் கேபிள், யுஎஸ்பிக்குச் சான்று பெற்ற, தேவைக்கு மேல் நீளமில்லாத கேபிள், அவ்வளவுதான். கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உப்புக்காற்றில் ஆர்சிஏ சாக்கெட்டுகள் மங்கிப்போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அணைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். ஒரு பக்க ஸ்பீக்கரில் கேட்கும் கரகரப்பு இதிலேயே தீர்வதைப் பார்த்திருக்கிறேன்.

கிளாக் விஷயத்தில் எந்த உள்ளீட்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது முக்கியம். இன்றைய டேக்குகளின் யுஎஸ்பி அசிங்க்ரனஸ் முறையில் இயங்கும். தாளம் டேக்கின் கையில், கணினி அது கேட்டபோது தரவை அனுப்பும். அதனால் கணினிப் பக்கம் விலையுயர்ந்த கிளாக் வைத்து ஆகப்போவது அதிகமில்லை. கோஆக்சியலிலும் ஆப்டிகலிலும் நிலைமை வேறு. அங்கே டேக் வருகிற சிக்னலிலிருந்தே தாளத்தைப் பிடித்தாக வேண்டும். பழைய அருமையான டேக் ஒன்று, அதில் யுஎஸ்பி இல்லை அல்லது 48 கிலோஹெர்ட்ஸோடு நிற்கும் ஆதிகால யுஎஸ்பி என்றால், யுஎஸ்பியை வாங்கிக் கோஆக்சியலாகத் தரும் நல்ல கன்வர்ட்டர் ஒன்று அதன் ஆயுளையே நீட்டித்துவிடும். இந்த இடத்தில் தாராளமாகச் செலவு செய்யலாம்.

வெளியிலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் கிளாக் கொடுப்பதற்கு நான் அவ்வளவு சீக்கிரம் பரிந்துரை செய்ய மாட்டேன். ஆடியோவுக்குத் தேவைப்படும் தாளங்கள் 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ். இவை 10-இன் முழு மடங்குகள் இல்லை. டேக் அந்தப் பத்திலிருந்து இவற்றைத் தானே தயாரிக்க வேண்டியிருக்கும், அந்த வேலை எவ்வளவு சுத்தமாக நடக்கிறது என்பதைப் பொறுத்தே பலன்.

ஆம்ப்பில் எக்ஸ்எல்ஆர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், நீளமான கேபிளில் இரைச்சல் குறையும். ஆர்சிஏவில் 2 வோல்ட், எக்ஸ்எல்ஆரில் 4 வோல்ட் என்பது பொது வழக்கம், அதாவது 6 டெசிபல் கூடுதல். மாற்றிய அன்றே பிரமாதம் என்று சொல்லிவிடாமல் மீட்டரை எடுங்கள்.

மூடியைத் திறப்பது

இதுவரை சொன்னதையெல்லாம் செய்து முடித்து, வாரண்ட்டியும் முடிந்துவிட்டதா? சரி, ஸ்க்ரூடிரைவரை எடுக்கலாம். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரமாவது விடுங்கள். பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மீட்டரை டிசியில் வைத்து அவற்றின் முனைகளை அளந்து, வோல்ட் இறங்கிவிட்டதை உறுதிசெய்த பிறகே கை வையுங்கள். மணிக்கட்டில் ஆன்டிஸ்டாட்டிக் பட்டை போடுங்கள். எந்தப் பாகத்தைத் தொடும் முன்னும் நான்கு கோணத்தில் போட்டோ எடுங்கள்.

புதியவர் சாலிடர் இல்லாமல் செய்யக்கூடியது, சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் ஆப்-ஆம்ப்பை (அனலாக் பகுதியில் சிக்னலைப் பெருக்கும் சின்னச் சிப்) மாற்றுவது. எட்டுக் கால் பூச்சி மாதிரி கறுப்பாக இருக்கும். ஒரு முனையில் அரைவட்டக் குழி அல்லது முதல் காலின் பக்கத்தில் ஒரு புள்ளி. புதியதின் குழியும் அதே திசையில் உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் பவர் கால்கள் இடம் மாறி, போட்ட நொடியே சிப் எரிந்துவிடும். ஒற்றை ஆப்-ஆம்ப்பும் இரட்டை ஆப்-ஆம்ப்பும் பார்க்க ஒரே மாதிரி எட்டுக் கால்தான், ஆனால் கால்களின் வேலை வேறு. ஒன்றின் இடத்தில் மற்றது ஆகாது. பழையதை எடுக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் நெம்பாதீர்கள், கால்கள் வளைந்துவிடும். இரு முனைகளையும் மாற்றி மாற்றி, மெல்ல மெல்லத் தூக்க வேண்டும்.

விலை கூடியதெல்லாம் நல்லது என்றும் இல்லை. என்இ5532 போன்ற 10 மெகாஹெர்ட்ஸ் வேகச் சிப்புக்காக வடிவமைத்த போர்டில் 55 மெகாஹெர்ட்ஸ் எல்எம்4562-ஐ வைத்தால் சில போர்டுகளில் அது தனக்குத்தானே அதிர (ஆசிலேட் ஆக) ஆரம்பிக்கும். காதுக்குக் கேட்காது, ஆனால் சிப் கொதிக்கும், ஒலி கடுகடுவென்று ஆகும். மாற்றியதும் ஆம்ப்பில் மாட்டாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு, டேக்கை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகு சிப்பின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். அப்புறம் மறுபடி மூடி, ஓடவிட்டு, பாட்டுப் போடாமல் வெளியீட்டில் டிசி அளவை எடுங்கள். சில மில்லிவோல்ட் என்றால் நல்லது. நூற்றுக்கணக்கில் காட்டினால் ஆம்ப்பில் இணைக்காதீர்கள், ஸ்பீக்கர் போய்விடும். ஆப்-ஆம்ப்பில் போலிகள் அதிகம் புழங்குகின்றன. மௌசர், டிஜிகீ, எலிமென்ட்14 போன்ற முறையான விநியோகஸ்தர்களிடம் வாங்குங்கள்.

பழைய டேக்குக்கு உண்மையான உயிர் கொடுப்பது கெபாசிட்டர் மாற்றம்தான். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் காலப்போக்கில் உலரும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று எழுதியிருக்கும். வெப்பம் 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும். பெட்டிக்குள் 65 டிகிரி என்றால் 32,000 மணி நேரம். இரவும் பகலும் ஓடவிட்டால் நான்கு வருடம்கூட இல்லை. 55 டிகிரி என்றால் ஏழு வருடத்துக்கு மேல். மே மாத வெயிலில், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள், ஆம்ப்பின் மேல் டேக்கை வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். மேலே நான்கு விரல் இடைவெளி விட்டுத் திறந்த தட்டில் வையுங்கள்.

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய டேக் என்றால் கெபாசிட்டர்களை மாற்றுவது நியாயம். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதற்கு மேல் வோல்ட், 105 டிகிரி ரகம், உயரமும் கால் இடைவெளியும் பொருந்த வேண்டும். பழையதின் மேல் உள்ள நெகட்டிவ் பட்டை எந்தப் பக்கம் என்று போட்டோவில் பாருங்கள். சாலிடரிங் பழக்கம் இல்லாதவர் லட்ச ரூபாய் போர்டில் பழக வேண்டாம். பழைய ரேடியோ போர்டில் ஐம்பது ஜாயின்ட் வைத்துப் பழகுங்கள், அல்லது நம்பிக்கையான டெக்னீஷியனிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நான் அப்படிப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

வேறு டேக்குக்கே போவதென்றால்

பயன்படுத்திய உயர்ரக டேக் வாங்குவது நல்ல வழி, புதியதைவிட விலை வெகுவாக இறங்கியிருக்கும். ஆனால் மாடல் பெயரை மட்டும் கேட்காதீர்கள், எந்தப் பதிப்பு என்றும் கேளுங்கள். அக்டோபர் 2020-ல் ஜப்பானின் நொபியோகாவில் ஏகேஎம்மின் சிப் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. பல டேக் நிறுவனங்கள் அவசரமாக வேறு சிப்புக்கு மாறின. டாப்பிங் டி90 முதலில் ஏகே4499 சிப்போடு வந்தது; அடுத்து வந்த டி90எஸ்இ-யில் இஎஸ்எஸ்ஸின் சிப். இரண்டும் நல்ல டேக்குகள்தான். ஆனால் நாளை பழுதானால் எந்தச் சிப்பைத் தேடுவது என்பது முக்கியமான கேள்வி. சர்வீஸ் எங்கே நடக்கும், வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தால் போக்குவரத்தும் சுங்கமும் யார் செலவு என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். முடிந்தால் உங்கள் வீட்டிலேயே, உங்கள் ஆம்ப்பில், ஒரு வாரம் வைத்துக் கேட்க அனுமதி வாங்குங்கள்.

ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடையில் ஒரு மாதம் விடுவது என் பழக்கம். சிறிய நோட்டு ஒன்றில் தேதி, என்ன மாற்றினேன், வெளியீடு எத்தனை வோல்ட், பத்துக்கு எத்தனை சரி என்று எழுதி வைப்பேன். கழற்றிய ஆப்-ஆம்ப், கெபாசிட்டர், பழைய அடாப்டர் எல்லாம் சிப்லாக் கவரில், மேலே பெயர் எழுதி, டேக் வந்த அட்டைப் பெட்டியிலேயே இருக்கின்றன. போன வருடம் ஒரு டேக்கை விற்றபோது வாங்க வந்தவர் அந்தக் கவரையும் நோட்டுப் பக்கங்களின் நகலையும் பார்த்துவிட்டுப் பேரமே பேசவில்லை.